தன் மண்ணைக் கேட்டு நடந்தவர்: வில்லியம் பராக்

சித்திரைப் புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் என்று சங்கத்துச் செயலாளர் அண்ணை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் எழுத்தாளன் இல்லை. உயர்தரப் பரீட்சை எடுத்ததோடு என்ரை படிப்பு நின்றுபோனது. 2012இல் படகில் வந்தேன். இப்போது தண்டெனொங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் வாளி அடிக்கிற மெசினில் இரவு வேலை. ஆனால் ஒரு மனிதரின் கதை கொஞ்சக் காலமாக என்னை விட்டுப் போகாமல் நிக்குது. அதை எங்கட சனத்துக்குச் சொல்லவேணும் போல இருந்தது. அதனால்தான் பேனையைத் தூக்கினேன். பிழை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கோ.

மெல்பேர்ண் மைதானத்துக்குக் கிரிக்கெட் பார்க்கப் போன ஆக்களுக்கு அந்தப் பாலம் தெரிந்திருக்கும். நகரப் பக்கத்தில் இருந்து ரயில் தண்டவாளங்களுக்கு மேலால் மைதானத்துக்குப் போகிற நீளமான நடைபாலம். 2006இல் கட்டினார்கள். நீளம் 525 மீற்றர். அதன் பெயர் வில்லியம் பராக் பாலம். நான் அதில் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். யார் இந்த வில்லியம் பராக் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யாரோ ஒரு வெள்ளைக்கார மந்திரி என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு வேலை கொண்டு வந்தாள். நாங்கள் வாழும் இடத்தின் பூர்வீக மக்களில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேணும். அவள் எடுத்த பெயர் பராக். அவளுக்கு உதவி செய்யப் போய், நூலகத்தில் புத்தகம் எடுத்து, பிறகு அவள் வேலையை முடித்துக் கொடுத்த பின்னும் நான் வாசிப்பதை நிறுத்தவில்லை. காரணம், அந்தக் கதையில் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. அது காணி.

ஆற்றங்கரையில் ஒரு சிறுவன்

பராக் 1824ஆம் ஆண்டளவில் இன்றைய மெல்பேர்ணின் கிழக்குப் புறத்தில், பிறஷி கிறீக் என்ற ஓடைப் பக்கத்தில் பிறந்தார். அவருக்கு வைத்த பெயர் பெருக். கம் மரத்துக்குள் இருக்கும் வெள்ளைப் புழுவின் பெயர் அது. இந்தப் புழு அந்த மக்களுக்கு நல்ல உணவு. அவர் வுருண்ஜெரி மக்களைச் சேர்ந்தவர். நாங்கள் யாரா என்று சொல்லும் ஆற்றின் இரண்டு கரைகளும், அது வரும் மலைகளும் அவர்களுடைய ஊர். அப்போது மெல்பேர்ண் என்று ஒரு நகரம் இல்லை.

1835இல் பெருக்குக்குப் பதினொரு வயது இருக்கும். அந்த வருடம் ஜோன் பற்மன் என்ற வெள்ளைக்காரர் தஸ்மானியாவில் இருந்து கப்பலில் வந்தார். பெரியவர்களைச் சந்தித்து ஓர் ஒப்பந்தம் செய்தார். போர்வைகள், கத்திகள், கைக்கோடரிகள், கண்ணாடிகள், மா. இவற்றைக் கொடுத்து ஏறத்தாழ 6 இலட்சம் ஏக்கர் நிலத்தை வாங்கிவிட்டதாகப் பத்திரம் எழுதினார். காணி விற்பது என்ற வழக்கமே இல்லாத மக்களுக்கு அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று எப்படி விளங்கியிருக்கும்? தங்கள் நிலத்தில் விருந்தாளிகளாக வந்து போக அனுமதி கொடுத்ததாகவே அவர்கள் எண்ணியிருக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். சிறுவனாகத் தானும் அங்கே நின்றதாகப் பராக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதே வருடம் சிட்னியில் இருந்த ஆளுநர் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று அறிவித்தார். பூர்வீக மக்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கவலையால் அல்ல. நிலம் முழுவதும் பிரித்தானிய முடிக்குச் சொந்தம், விற்க அவர்களுக்கு உரிமையே இல்லை என்பதுதான் காரணம். ஆகவே பெருக்கின் சனம் ஒரு தரம் ஒப்பந்தத்தால் நிலத்தை இழந்தது. இரண்டாம் தரம் அந்த ஒப்பந்தத்தை இல்லாமல் ஆக்கியதால் இழந்தது.

அதற்குப் பிறகு செம்மறி ஆடுகளும், வேலிகளும், துப்பாக்கிகளும், புது நோய்களும் வந்தன. ஒரு தலைமுறைக்குள் பெரும் பகுதிச் சனம் செத்துப்போனது. பெருக் கொஞ்சக் காலம் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். 1844இல் சுதேசிப் பொலிஸ் படையில் சேர்ந்தார். வில்லியம் பராக் என்ற பெயர் அங்கேதான் வந்தது.

கேட்டு வாங்கிய காணி

பராக்கின் மாமன் முறையான பில்லிபெல்லரி என்பவர் ஒரு பெரிய தலைவர். அவருடைய மகன் சைமன் வொங்கா, தகப்பனுக்குப் பிறகு தலைவரானார். நிலம் முழுவதையும் திருப்பி வாங்க முடியாது, எஞ்சின சனம் ஒன்றாகச் சேர்ந்து பயிர் செய்து சாப்பிட ஒரு துண்டுக் காணியாவது வேணும் என்று வொங்கா கண்டுகொண்டார். 1859இல் அவரும் வேறு பெரியவர்களும் அதிகாரிகளிடம் போய்க் காணி கேட்டார்கள். அகறன் ஆற்றுப் பக்கம் ஓரிடம் கிடைத்தது. சனம் போய்க் காடு வெட்டி, வேலி அடைத்து, தானியம் விதைத்தது. பக்கத்துப் பெரிய பண்ணைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வருடமே அவர்களை அங்கிருந்து எழுப்பி, குளிரான, பயிருக்கு உதவாத இன்னோர் இடத்துக்கு அனுப்பினார்கள்.

1863இன் ஆரம்பத்தில் வொங்காவும் பராக்கும் ஏறத்தாழ நாற்பது பேரும் மலை கடந்து யாரா ஆற்றுச் சமவெளிக்கு நடந்து வந்தார்கள். இன்றைய ஹீல்ஸ்வில் ஊருக்குப் பக்கத்தில், தங்கள் சொந்த நாட்டுக்குள் ஓரிடத்தில் குடியேறினார்கள். யாரும் அவர்களை அங்கே போகச் சொல்லவில்லை. அங்கே வெள்ளையாகப் பூக்கும் ஒரு செடியின் பெயரால் அந்த இடம் கொறண்டர்க் எனப்பட்டது.

மே மாதம் விக்ரோறியா மகாராணியின் பிறந்த நாள் வந்தது. வொங்காவும் பராக்கும் மற்றவர்களும் மெல்பேர்ணுக்குப் போய், தாங்களே செய்த ஆயுதங்களையும் கூடைகளையும் ஆளுநர் முன் வைத்து இராணிக்குக் காணிக்கை செலுத்தினார்கள். சில கிழமைகளில், 1863 ஜூன் 30ஆம் திகதி, கொறண்டர்க்கில் 2,300 ஏக்கர் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டதென அரச வர்த்தமானியில் வந்தது. 1866இல் அது 4,850 ஏக்கரானது. இராணியே தங்களுக்குத் தந்த காணி இது என்று அந்த மக்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பின்னாளில் யாராலும் அசைக்க முடியவில்லை.

செழித்தது குற்றமாகியது

கொறண்டர்க்கில் ஜோன் கிறீன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் மேற்பார்வையாளராக இருந்தார். தான் சொல்வதுதான் சட்டம் என்று அவர் நடக்கவில்லை. ஒழுங்குகளையும் தண்டனைகளையும் அந்த மக்களே கூடிப் பேசித் தீர்மானிக்க விட்டார். வீடுகள் எழும்பின. பள்ளிக்கூடம் வந்தது. கோதுமையும் மரக்கறியும் விளைந்தன. 1872இல் ஹொப்ஸ் என்ற கொடியை நட்டார்கள். பியர் காய்ச்சப் பயன்படுகிற பூ அது. உயரமான கம்புகளில் கொடியை ஏற்றி, மார்ச் மாதமளவில் பூ ஆய்ந்து, சூளையில் காய வைக்கவேணும். நிறையக் கைவேலை. மெல்பேர்ண் சந்தையில் கொறண்டர்க் ஹொப்ஸுக்கு நல்ல விலை கிடைத்தது.

ஆனால் அந்தக் காசு, பாடுபட்ட சனத்தின் கைக்குப் போகவில்லை. பூர்வீகக் குடிகள் பாதுகாப்புச் சபை என்று அரசாங்கம் வைத்திருந்த ஒரு சபைக்குப் போனது. 1869இல் விக்ரோறியா ஒரு சட்டம் கொண்டு வந்தது. பூர்வீக மக்கள் எங்கே வசிக்கலாம், என்ன வேலை செய்யலாம், அவர்களுடைய பிள்ளைகளை யார் வைத்திருப்பது என்றெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் அதன் கீழ் வந்தது. பெயர் என்னவோ பாதுகாப்புத்தான்.

நல்ல மண், தண்ணீர், மெல்பேர்ணுக்குக் கிட்ட. பக்கத்துக் காணிக்காரரின் கண் கொறண்டர்க் மேல் விழுந்தது. இந்தச் சனத்தை எழுப்பி வடக்கே, தூரத்தில் மறே ஆற்றுப் பக்கம் அனுப்பலாம் என்று சபை திட்டம் போட்டது. அதற்குச் சொன்ன காரணத்தைக் கேளுங்கோ. இந்த இடம் குளிரும் ஈரமும் கூடியது, சனத்துக்கு நெஞ்சு நோய் வருகுது, அவர்களின் நன்மைக்காகவே அனுப்புகிறோம் என்பதுதான் காரணம். ஓட்டை வீட்டாலும் போதாத சாப்பாட்டாலும்தான் நோய் வருகிறது, வீட்டைத் திருத்தித் தாருங்கோ என்று சனம் சொன்னது. மக்கள் பக்கம் நின்ற கிறீன் 1874இல் பதவியை விட்டுப் போகவேண்டி வந்தது. அந்தக் காலத்திலேயே சைமன் வொங்காவும் இறந்துபோனார். வுருண்ஜெரி மக்களின் நுருங்கைட்டா, அதாவது தலைவர் என்ற பொறுப்பு, ஐம்பது வயதான பராக்கின் தோளில் வந்து விழுந்தது.

காலும் கடதாசியும்

பராக்கிடம் ஆயுதப் படை இல்லை. வாக்குரிமை பற்றிப் பேச்சே இல்லை. அவரிடம் இருந்தவை இரண்டுதான். ஒன்று கால், மற்றது கடதாசி.

கொறண்டர்க்கில் இருந்து மெல்பேர்ணுக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். எங்களுக்குக் காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. அவர்கள் நடந்தார்கள். 1875இல் தொடங்கிப் பத்து வருடங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப நடந்தார்கள். பாராளுமன்றப் பக்கத்தில் இருந்த அரசாங்கக் கந்தோர்களுக்குப் போய், பொறுப்பான மந்திரியை நேரே சந்தித்துத் தங்கள் முறைப்பாட்டைச் சொன்னார்கள். சபையைத் தாண்டி மேலே போனது சபைக்குப் பிடிக்கவில்லை. அனுமதியில்லாமல் வெளியே போவது, பங்கீட்டைக் குறைப்பது, பிரச்சினைக்காரர் என்று பெயர் வைப்பது என்று எல்லாம் வந்தன. எங்கட அகதி முகாம் அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கடதாசி வேலையும் நடந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இளம் ஆட்கள் கொறண்டர்க்கில் இருந்தார்கள். தோமஸ் டனோலி என்பவர் நல்ல கையெழுத்துக்காரர். பெரியவர்கள் சொல்ல அவர் எழுதுவார். தோமஸ் பம்ஃபீல்ட், பராக்கின் பெறாமகன் முறையான றொபேட் வண்டின் போன்றோர் பக்கத்தில் நின்றார்கள். மந்திரிக்கு விண்ணப்பம், பத்திரிகைக்குக் கடிதம் என்று போய்க்கொண்டே இருந்தது. சபை அந்தக் கடிதங்களை வெள்ளைக்காரர் யாரோ எழுதிக் கொடுப்பதாகச் சொன்னது. இந்தச் சனத்துக்குச் சொந்தமாக யோசிக்கவும் எழுதவும் தெரியும் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை.

பராக்குக்கு வெள்ளைக்காரரிலும் நண்பர்கள் இருந்தார்கள். ஆன் பொன் என்ற அம்மையார் முக்கியமானவர். பண்ணைக்கு உரிமையாளரான விதவை. கடைசி மட்டும் கூட நின்றவர். அரசியலில் கிறஹம் பெரி என்பவர் காது கொடுத்துக் கேட்டார். முதலமைச்சராகவும் இருந்தவர் அவர்.

1881இல் மீண்டும் மெல்பேர்ணுக்கு நடந்தார்கள். அந்த வருடக் கடைசியில் கொறண்டர்க் பற்றிப் பாராளுமன்ற விசாரணை நடந்தது. ஆன் பொன் அம்மையாரும் விசாரணைக் குழுவில் ஒருவர். பூர்வீக மக்கள் ஆண்களும் பெண்களுமாக வந்து சாட்சி சொன்னார்கள். இந்த நாட்டில் அந்தக் காலத்தில் இது மிக அபூர்வமான விஷயம். சாப்பாடு, உடுப்பு, சம்பளம், வீட்டுக் கூரை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். பராக் கேட்டது சுருக்கமானது. சபை வேண்டாம். கிறீனைத் திருப்பி அனுப்புங்கோ. காணியை எங்களிடம் விடுங்கோ, அதை நாங்கள் நடத்தி இலாபம் காட்டுவோம். இதுதான் அதன் சாரம். பிச்சை கேட்டதாக அதில் ஒன்றும் இல்லை.

மகன்

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன்.

பராக்கின் பிள்ளைகளில் டேவிட் என்ற மகன் மட்டும்தான் தப்பி வளர்ந்தவன். விசாரணை நடந்து முடிந்த அடுத்த வருடம், 1882இல், டேவிட்டுக்குக் காசநோய் முற்றியது. வயது பதினான்களவில் இருக்கும். பெடியனை மெல்பேர்ணுக்குக் கொண்டு வந்தார்கள். ஆன் பொன் அம்மையார் பொறுப்பெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பெடியன் பிழைக்கவில்லை. தன் சனத்துக்காக எந்தப் பாதையால் நடந்தாரோ, அந்தப் பாதையால் பிள்ளையைக் குடுத்துவிட்டுத் தகப்பன் திரும்பிப் போனார்.

தனக்குப் பின் தலைவராக வரவேண்டிய பிள்ளை போய்விட்டது. ஆருக்காக இனி இந்தக் காணி என்று அவர் இருந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. 1884இல் கொறண்டர்க் நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட நிலம் என்று அரசாங்கம் அறிவித்தது. பத்து வருடப் போராட்டத்தின் வெற்றி அது. பெரி 1886இல் லண்டனுக்குப் பதவி மாறிப் போனபோது, பராக் தன் ஆட்களுடன் வந்து பரிசுகள் கொடுத்து வழியனுப்பினார். நன்றி மறக்காத சனம்.

ஆளைப் பிரித்துக் காணியைப் பிடித்தது

ஆனால் காணியைப் பிடிக்க இன்னொரு வழி இருந்தது. அதே 1886இன் கடைசியில் விக்ரோறியா ஒரு புதுச் சட்டம் போட்டது. கலப்பு இரத்தம் உள்ளவர்கள், 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், ஒதுக்கிய நிலங்களில் இனி இருக்கக் கூடாது. வெளியே போய் மற்றவர்களைப் போல உழைத்துச் சாப்பிடவேணும். கேட்க நியாயம் போல இருக்கும். ஆனால் கொறண்டர்க்கில் உழைக்கக் கூடிய, எழுதத் தெரிந்த, வாதாடத் தெரிந்த இளம் ஆட்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள்தான் வந்தார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் உள்ளே, தம்பி வெளியே. பராக்கும் மற்றவர்களும் இதையும் எதிர்த்து எழுதினார்கள். பலனில்லை. ஏறத்தாழ அறுபது பேர் வெளியேற்றப்பட்டார்கள். அடுத்து வந்த 1890களில் நாட்டில் பெரும் பொருளாதார மந்தம், வெளியிலும் வேலை இல்லை. கொறண்டர்க்கில் உடல் பலமுள்ள ஆண்கள் பதினைந்து பேரளவில் மிஞ்சினார்கள். ஹொப்ஸ் தோட்டம் படுத்தது. பிறகு என்ன, இவ்வளவு காணி இந்தச் சொற்ப ஆட்களுக்கு எதற்கு என்று கேட்டு, 1893இல் பாதிக் காணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

பாருங்கோ. ஆளைக் கலைத்தால் காணி சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற காணியை எடுக்கலாம். இந்தக் கணக்கு எங்கட சனத்துக்கும் தெரியாதது அல்ல. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து எங்கட குடும்பம் எழும்பியது. பிறகு எங்கட காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் அதற்குப் பிறகு, வாடகை வீட்டில் பிறந்தவன். அப்பா காணி உறுதியை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, எந்த இடப்பெயர்விலும் முதல் சாமானாக எடுப்பார். பாத்திரம் விட்டுப்போனாலும் அது விட்டுப்போகாது. பராக்கிடம் அப்படி ஓர் உறுதிகூட இருக்கவில்லை. வர்த்தமானியில் வந்த ஓர் அறிவித்தலும், இராணி தந்தது என்ற நம்பிக்கையும்தான்.

கடைசிக் காலம்

கிழவயதில் பராக் வேறு ஒரு வேலை செய்தார். படம் கீறினார். ஆட்டங்களும் கூத்துகளும் கொறண்டர்க்கில் நடத்தவிடாமல் தடுக்கப்பட்ட காலம் அது. ஆட முடியாததை அவர் கடதாசியிலும் துணியிலும் கீறினார். செம்மண், கரி, நீர்வர்ணம் கொண்டு, ஒப்போசம் தோல் போர்வை போர்த்த ஆட்கள் வரிசையாக நிற்பதும், நெருப்பைச் சுற்றி ஆடுவதும், கங்காருவும் ஈமுவும் எல்லாம் அந்தப் படங்களில் உண்டு. அவருடைய மக்களின் வழக்கங்கள், உறவு முறைகள், கதைகளை ஹோவிற் என்ற ஆராய்ச்சியாளருக்கும் சொல்லி எழுத வைத்தார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் எவ்வளவோ விஷயம் அவரோடு போயிருக்கும்.

1903 ஓகஸ்ட் 15ஆம் திகதி பராக் கொறண்டர்க்கில் காலமானார். எண்பதுக்குக் கிட்ட வயது. இங்கே வற்றில் மரங்கள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காலம். அங்கேயுள்ள சிறிய மயானத்திலேயே அடக்கம் செய்தார்கள். தன் மண்ணிலேயே செத்தார், தன் மண்ணிலேயே கிடக்கிறார். அந்த ஒன்றை மட்டும் அவரிடமிருந்து யாராலும் எடுக்க முடியவில்லை.

அவருக்குப் பின் 1924இல் கொறண்டர்க் மூடப்பட்டது. சனத்தை ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் லேக் ரயேர்ஸ் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். முதலாம் உலகப் போரில் இந்த நாட்டுக்காகச் சண்டை பிடித்துவிட்டு வந்த வுருண்ஜெரி ஆட்களின் எதிர்ப்பையும் கேட்கவில்லை. ஒரு சில முதியவர்கள் மட்டும் போக மறுத்து அங்கேயே இருந்தார்கள். 1948இல் எஞ்சிய நிலத்தின் ஒதுக்கீட்டையும் நீக்கி, போரில் இருந்து திரும்பிய இராணுவத்தினரைக் குடியேற்றக் கொடுத்தார்கள். 1991இல் அந்த மயானத் துண்டு அவர்களிடம் திரும்பி வந்தது. 1990களின் கடைசியில் ஏறத்தாழ 200 ஏக்கர் வாங்கப்பட்டு அவர்களின் வழித்தோன்றல்களிடம் கொடுக்கப்பட்டது. 4,850இல் 200.

2022இல் இன்னொன்று நடந்தது. பராக் 1897இல் கீறிய ஒரு படமும் அவர் செய்த ஒரு கேடயமும் நியூயோர்க்கில் ஏலத்துக்கு வந்தன. வுருண்ஜெரி மக்கள், பொதுமக்கள் சேர்த்த காசோடும் அரசாங்க உதவியோடும், அவற்றை ஏலத்தில் எடுத்து ஊருக்குக் கொண்டு வந்தார்கள். தங்கள் பாட்டன் கீறிய படத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்கவேண்டி இருந்தது.

மெல்பேர்ண் நகரில், ஸ்வன்ஸ்ரன் வீதியின் வடக்கு முனையில், 2015இல் கட்டிய உயரமான ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. தூர நின்று பார்த்தால் அதன் முகப்பில் ஒரு கிழவரின் முகம் தெரியும். அது பராக். முன்பு பியர் காய்ச்சும் ஆலை இருந்த இடம் அது. காணி கேட்டு நடந்த மனிதரின் முகத்தில், வேறு ஆட்கள் வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். இதை மரியாதை என்பதா, வேறு ஏதும் என்பதா, நீங்களே யோசியுங்கோ.

எங்களுக்கு என்ன?

இந்தக் கதை எங்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக் கூடும். எங்கட பாடே பெரும் பாடு. இன்னும் வீசா முடிவு வராமல் பத்து வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிற ஆக்கள் எங்களுக்குள்ளேயே இருக்கினம். 2023இல் எங்கட தமிழ் அகதி ஒருவர் பலரற்றில் இருந்து சிட்னி மட்டும் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீற்றர் நடந்தார். இருக்கவிடுங்கோ என்று கேட்டு நடந்த நடை அது. அவரைப் பற்றிய செய்தியை ரீ.வியில் பார்த்தபோது எனக்குப் பராக்கைத் தெரியாது. இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இந்த மண்ணில் அப்படி நடந்த முதல் ஆள் அவர் இல்லை.

ஊரை இழந்து வந்த நாங்கள், இன்னொருவரிடம் இருந்து பறித்த ஊரில் இருக்கிறோம். நாங்கள் பறிக்கவில்லை, உண்மைதான். ஆனால் தெரியாமல் இருப்பது சரியில்லை. எங்கட காணியில் இப்போது இருக்கிறவன் அது ஆருடைய காணி என்று ஒரு தரமாவது கேட்டானா என்று அப்பா ஆதங்கப்படுவார். அந்தக் கேள்வியை நானும் எனக்குக் கேட்கவேணும்தானே.

பெரிதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. விடுமுறைக்கு இடியப்பப் பெட்டியும் சோத்துப் பார்சலும் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு ஹீல்ஸ்வில் மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிறோம் அல்லவா? பிளற்றிப்பஸ் பார்க்கப் போகிற அந்த இடமே கொறண்டர்க் காணியில் ஒரு பகுதிதான். அடுத்த முறை போகும்போது பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கோ.

இன்னொன்று. எங்கட புத்தாண்டு விழாவில், குத்துவிளக்கு ஏற்ற முதல், இந்த மண்ணின் பூர்வீக மக்களை நினைவுகூர்கிறோம் என்று ஒருவர் ஆங்கிலத்தில் ஒரு கடதாசியைப் பார்த்து வேகமாக வாசிப்பார். நாங்களும் கதிரை இழுத்துக்கொண்டு, பிள்ளைகளை அதட்டிக்கொண்டு இருப்போம். இந்த வருடம் அதை என்ரை மகளிடம் தமிழில் வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள். அவள் அதில் வில்லியம் பராக் என்ற பெயரையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறாள். அந்த நேரம் மட்டும் கொஞ்சம் கதிரைகளை இழுக்காமல் இருங்கோ.

எல்லோருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.